வேண்டாத படத்தின் முன்னால்

ஏலக்கூடத்தில் அவருக்குப் பெயர் பல்செட். பல் டாக்டர்கள் எடுத்து அனுப்பும் அச்சை வைத்து, மெழுகில் ஈறு பிடித்து, அதில் பல் நட்டு, வாய்க்குள் போகிற மாதிரி செய்து திருப்பி அனுப்புவது அவர் தொழில். முப்பது வருடமாக இதே வேலை. ஊரில் பாதிப் பேர் அவர் செய்த பல்லால்தான் சிரிக்கிறார்கள். அவர்களில் ஒருவரையும் அவருக்குத் தெரியாது. தெருவில் யாராவது வாய்விட்டுச் சிரித்தால் முகத்தைப் பார்ப்பதற்கு முன் மேல்வரிசையைப் பார்ப்பார். நம்ம வேலைதான் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு போய்விடுவார்.

பட்டறை ஜன்னலோரம் ஒரு பட்டை தொங்கும். அதில் பதினாறு பல், பதினாறு நிறம். மற்றவர்களுக்கு எல்லாமே வெள்ளை. அவருக்கு ஒன்று பால், ஒன்று சுண்ணாம்பு, ஒன்று வெயிலில் கிடந்த காகிதம், ஒன்று சிகரெட்டை விட்டவரின் வெள்ளை, இன்னொன்று விட்டுவிட்டதாகச் சொல்பவரின் வெள்ளை.

இந்தக் கண்தான் அவரைக் கெடுத்தது. பதினைந்து வருடம் முன்னால் பட்டறைக்கு ஒரு பழைய அலமாரி எடுக்கலாம் என்று ஏலக்கூடத்துக்குப் போனார். அலமாரி பூட்டியிருந்தது. சாவி தேடப் போனவர் வருகிறவரை சுவரில் சாய்த்து வைத்திருந்த ஒரு நீர்வண்ணப் படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு குன்று, அதற்கு மேலே ஒரு மேகம். மேகத்தின் வெள்ளை பதினாறில் எதிலும் சேரவில்லை. குனிந்து பார்த்தார். அங்கே வண்ணமே இல்லை. வெறும் காகிதம். சுற்றிலும் வானத்தைத் தீட்டிவிட்டு மேகத்தை மட்டும் தொடாமல் விட்டிருக்கிறான் வரைந்தவன். வெள்ளையைக் குழைத்துக் குழைத்தே வயிறு வளர்த்தவருக்கு, ஒருத்தன் சும்மா விட்டே வெள்ளையைக் கொண்டுவந்திருந்தது தூக்கிவாரிப் போட்டது.

அன்று படத்தோடு வீட்டுக்கு வந்தார். அலமாரி எங்கே என்று மனைவி கேட்டாள். பூட்டியிருந்தது என்றார். அது உண்மைதான்.

அதற்கப்புறம் மலை, ஏரி, ஆற்றங்கரை, பனி மூடிய பாலம் என்று சுவர் நிறைய ஆரம்பித்தது. எந்த மேகம் காகிதம், எந்த மேகம் பிற்பாடு யாரோ கறையை மறைக்கப் பூசிய வெள்ளை என்று இரண்டடி தள்ளி நின்றே சொல்லிவிடுவார். இப்படி ஒரு கண் இருக்கிறது என்பது ஏலக்கூடத்தில் பரவ ஒரு வருடம் ஆனது. முதலில் மோப்பம் பிடித்தவர் ஃபிரேம் கடைக்காரர். பெருத்த உடம்பு, மெல்லிய குரல், வாயில் எப்போதும் ஒரு புதினா மிட்டாய். படங்களை வாங்கிப் புதுச் சட்டம் போட்டு விற்பவர். அவர் ஒரு சுலபமான வழியைக் கண்டுபிடித்தார். படங்களைப் பார்த்து எதற்குக் கண்ணைக் கெடுத்துக்கொள்வது, பல்செட்டைப் பார்த்தால் போதுமே. பல்செட் எதன் முன்னால் குனிகிறாரோ அதை அவர் ஏலத்தில் எடுத்தார். ஒரே வருடத்தில் மூன்று நல்ல படங்கள் பல்செட்டின் கையைவிட்டுப் போயின.

அதிலிருந்து பல்செட் வேண்டாத படங்களைப் பார்க்கத் தொடங்கினார்.

ஏலத்துக்கு முன்னால் மூன்று நாள் படங்களை மாட்டி வைப்பார்கள், யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம். அந்த நாட்களில் பட்டியலிலேயே மோசமான படத்தைத் தேர்ந்தெடுத்து அதன் முன்னால் நாற்பது நிமிடம் நிற்பார். குனிவார். பெருமூச்சு விடுவார். சின்ன நோட்டில் ஏதோ குறித்துக்கொள்வார். வேண்டிய படத்தின் பக்கம் தலையே திருப்பமாட்டார். ஓரக்கண்ணால் பார்க்க அவருக்கு இருந்த ஒரே சாக்கு கழிப்பறை. வேண்டிய படம் எந்தச் சுவரில் இருந்தாலும் அந்த வழியாகச் சுற்றிக்கொண்டு ஏழெட்டு முறை போய் வருவார். கூடத்துக் காவலர் ஒருநாள் அவரைத் தனியாக அழைத்து, சர்க்கரை இருக்கிறதா என்று சோதித்துக்கொள்ளும்படி அக்கறையோடு சொன்னார்.

வித்தை பலித்தது. ஆனால் வீட்டுக்கும் கூடவே வந்துவிட்டது. துணிக்கடையில் நீலச் சட்டை வேண்டுமென்றால் கடைக்காரரிடம் பச்சையைப் பற்றியே பேசுவார். சாப்பாட்டுத் தட்டின் முன் உட்கார்ந்து உருளைக்கிழங்கைப் பற்றி உயர்வாக ஏதாவது சொன்னால் அவருக்குப் பீன்ஸ் வேண்டும் என்று அர்த்தம். மனைவி இதையெல்லாம் மாற்றிப் படிக்கக் கற்றுக்கொண்டு வெகுகாலமாகிறது. அவர் ஒரு நாள் அவளுடைய அண்ணனைப் புகழ்ந்தபோது மட்டும் இரண்டு நாள் பேசாமலிருந்தாள்.

வீட்டுக் கூடத்துச் சுவரில் நடுவில் ஓர் ஆணி இருந்தது. அதற்கு இடதுபக்கம் ஓர் ஏரியின் காலை, வலதுபக்கம் அதே ஏரியின் மதியம். ஒரே கை, ஒரே அளவு. மூன்றாவதாக மாலை என்று ஒன்று இருப்பதாகப் பழைய பட்டியல் ஒன்றில் படித்துவிட்டு, ஒன்பது வருடத்துக்கு முன்பே ஆணியை அடித்து வைத்திருந்தார். சாயங்காலம் வருகிறவரை இருக்கட்டும் என்று மனைவி அதில் குடையை மாட்டிக்கொண்டிருந்தாள். இனி இந்தச் சுவரில் இன்னொரு ஆணி இறங்கினால் தான் அண்ணன் வீட்டுக்குப் போய்விடுவதாகவும் சொல்லியிருந்தாள்.

அந்த மாலைதான் இந்தத் தடவைப் பட்டியலில் நாற்பத்தொன்றாவது எண்ணில் வந்திருந்தது.

அவர் கையில் ஒரு படத்துக்குத்தான் பணம் இருந்தது, அதுவும் ஃபிரேம் கடைக்காரர் குறுக்கே வராமலிருந்தால். அதனால் இதுவரை செய்யாத பெரிய திட்டம் ஒன்று போட்டார். மனைவியின் தம்பியை அதற்குச் சேர்த்துக்கொண்டார். மச்சினன் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி நடத்துகிறவன். இருபது வருடம் கற்றுக்குட்டிகளின் பக்கத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து, எங்கே உட்கார்ந்தாலும் ஆபத்து என்று தோன்றினால் அவன் கால் தரையை அழுத்தும். சினிமா பார்க்கும்போதுகூட அழுத்துவான். ஏலக்கூடத்தில் அவனை யாருக்கும் தெரியாது.

"முப்பத்தெட்டாம் நம்பர் படம் வந்ததும் நான் கேப்பேன். நீ எனக்கு மேலே கேளு. நான் உனக்கு மேலே கேப்பேன்," என்றார் பல்செட்.

"அத்தான், முப்பத்தெட்டு உங்களுக்கு வேணுமா வேண்டாமா?"

"வேண்டாம்."

"வேண்டாததுக்கு எதுக்கு ரெண்டு பேரும் அடிச்சுக்கணும்?"

"அடிச்சுக்கிட்டாத்தான் அவன் உள்ள வருவான். வந்து மாட்டினதும் நாம இறங்கிடலாம். பணத்தை அதுல விட்டுட்டா நாப்பத்தொண்ணுக்கு அவன் கையைத் தூக்கவே முடியாது. என் மூக்குல கண்ணாடி இருக்கிற வரைக்கும் நீ நம்பர் அட்டையைத் தூக்கு. கழட்டிட்டேன்னா நிறுத்திடு. நாப்பத்தொண்ணுக்கும் அதே கணக்கு. அதை நீதான் கேக்கணும், நான் வாயே திறக்க மாட்டேன்."

"நடுவுல நீங்க ஏதாவது மனசு மாறி..."

"நான் என்ன சொன்னாலும் நம்பாதே. கண்ணாடியை மட்டும் பாரு."

முப்பத்தெட்டாவது படம் இதற்கென்றே பிறந்தது போலிருந்தது. 'மழைக்குப் பின் சாலை. வரைந்தவர் தெரியவில்லை. கறைகள் உண்டு.' அவ்வளவுதான் பட்டியலில். ஒரு வயல், அதன் நடுவே ஒரு மண்சாலை, சாலையில் ஒரு குட்டை, முக்கால்வாசி வானம். மரம் இல்லை, மாடு இல்லை, ஒரு காக்கை இல்லை. சட்டத்தில் ஒரு மூலை பெயர்ந்திருந்தது.

முதல் நாள் நாற்பது நிமிடமும் அதன் கறைகளை எண்ணினார். பதினொன்று. இரவுச் சாப்பாட்டின்போது மனைவியிடம் அந்தப் படத்தைக் கிழி கிழியென்று கிழித்தார். இது வழக்கம்தான். பகலெல்லாம் ரசிப்பதுபோல நடித்த படத்தை வீட்டுக்கு வந்து திட்டினால்தான் அவருக்குச் சோறு இறங்கும்.

இரண்டாம் நாள் மறுபடி எண்ணியபோது கறைகள் ஒன்பதாக இருந்தன. சாலையோரம் இருந்த இரண்டு கறைகள் கறைகளே அல்ல. ஈரம் காய்வதற்குள் தூரிகையை ஒரு தடவை இழுத்து அப்படியே விட்டிருக்கிறான். தூரத்தில் இன்னும் பெய்துகொண்டிருக்கிற மழை அது. அன்று சாப்பிடும்போது கொஞ்சமாகத்தான் திட்டினார்.

மூன்றாம் நாள் கறை இரண்டு. குட்டையின் விளிம்பில், நகக்கண் அளவுக்கு, ஒரு வெள்ளை இருந்தது. தொடாத காகிதம். விரலை உயர்த்தி அதை மறைத்துப் பார்த்தார். வயல் முழுக்க இருட்டிக்கொண்டு வந்தது. விரலை எடுத்தார். மேகம் விலகியது. மறைத்தார், எடுத்தார். இப்படி எவ்வளவு நேரம் செய்தாரோ, கூடத்தை மூடுகிற நேரம் வந்துவிட்டது. நாற்பத்தொன்றைப் பார்க்க ஒருமுறைகூடப் போகவில்லை. வாசலில் காவலர், "இப்போ உடம்பு தேவலையா சார்?" என்று சந்தோஷமாகக் கேட்டார்.

அன்று மத்தியானம் ஒரு பல் டாக்டர் ஃபோன் செய்திருந்தார். முந்தின நாள் அனுப்பிய செட்டைப் போட்டுப் பார்த்ததில் நோயாளியின் வாய் கொஞ்சம் மப்பும் மந்தாரமுமாக இருக்கிறதாம். பல்செட் மன்னிப்புக் கேட்டுவிட்டு, வேறு செய்து தருவதாகச் சொன்னார். முப்பது வருடத்தில் திரும்பி வந்த முதல் செட் அது.

இரவு அவர் பாட்டுக்குச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மனைவி கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"ஏன், அந்த மழைப் படத்தை இன்னிக்குத் திட்டலியா?"

"திட்ட என்ன இருக்கு அதுல?"

அவள் தம்பிக்கு ஃபோன் செய்து, நாளைக்கு உங்க அத்தானைக் கொஞ்சம் ஜாக்கிரதையாகப் பார்த்துக்கொள் என்றாள். அவன் அதைத் திட்டத்தைச் சரியாக நடத்தும்படி அக்கா சொல்வதாக எடுத்துக்கொண்டான்.

ஏலத்தன்று பல்செட் மூன்றாவது வரிசையிலும் மச்சினன் சுவரோரமும் ஃபிரேம் கடைக்காரர் எல்லோரையும் பார்க்க வசதியாகப் பின்னாலும் உட்கார்ந்திருந்தார்கள். ஏலம் விடுபவர் ஒல்லியான ஓர் அம்மாள். கூட்டத்தில் யாருக்கு என்ன ஆசை என்று அவருக்கு அத்துப்படி. பல்செட்டின் நாடகமும் தெரியும். அதைக் காட்டிக்கொள்வது அவர் தொழிலுக்கு அழகல்ல.

முப்பத்தெட்டைக் கிழவர் ஒருவர் இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கிக் காட்டினார். விலை நாற்பதில் ஆரம்பித்தது. பல்செட் அட்டையைத் தூக்கினார். மச்சினன் தூக்கினான். பல்செட் தூக்கினார். எல்லாம் எழுதி வைத்தபடி நடந்தது. நூற்றைம்பதில் பின்னாலிருந்து மிட்டாயைக் கடிக்கும் சத்தம் நின்றது. ஃபிரேம் கடைக்காரர் யோசிக்க ஆரம்பித்துவிட்டார் என்று அர்த்தம். பல்செட் எதன் முன்னால் நிற்கிறாரோ அது அவருக்கு வேண்டாதது என்பதை அவர் எப்போதோ கண்டுபிடித்திருந்தார். ஆனால் சுவரோரம் உட்கார்ந்திருக்கும் இந்தப் புது ஆள் யார்? விடாமல் கேட்கிறானே?

இருநூற்றைம்பதில் அவர் அட்டை மேலே போனது.

மச்சினனுக்கு வாயெல்லாம் பல். அதுவும் சொந்தப் பல். மீன் மாட்டியாயிற்று, இனி அத்தான் கண்ணாடியைக் கழற்றுவார், இருவரும் இறங்கிவிடலாம். அவன் அத்தானின் மூக்கைப் பார்த்தான். கண்ணாடி அங்கேயே இருந்தது.

பல்செட் கழற்றத்தான் கையைக் கொண்டுபோனார். அந்த நேரம் பார்த்துக் கிழவர் கை வலித்துப் படத்தைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்தார். ஜன்னல் வெளிச்சம் குறுக்கே விழுந்தது. குட்டை விளிம்பில் அந்த நகக்கண் வெள்ளை ஒருதரம் தெரிந்தது. கண்ணாடியைக் கழற்றினால் அது தெரியாது. மூக்கு வரை போன கை அட்டையைத் தூக்கியது.

"முந்நூறு," என்றார் அம்மாள்.

கண்ணாடி இருக்கிறதே என்று மச்சினனும் தூக்கினான். ஃபிரேம் கடைக்காரர் தூக்கினார். பல்செட் தூக்கினார். மச்சினனின் கால் தரையை அழுத்த ஆரம்பித்தது. கால் பிரேக்கில், கை அட்டையில். நானூறு தாண்டியது. தன்னை எதிர்த்துக் கேட்கிற இரண்டு பேரில் ஒருத்தன் தான் கூட்டிவந்த ஆள்தான் என்பது பல்செட்டுக்கு அப்போதுதான் உறைத்தது. அவசரமாகக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டார். மச்சினன் அட்டையை மடியில் வைத்துவிட்டு நெற்றியைத் துடைத்துக்கொண்டான். கூடம் முழுவதும் தண்ணீரில் கரைந்த மாதிரி ஆகிவிட்டது. அம்மாள் ஒரு கறுப்புத் தீற்றல், படம் ஒரு சாம்பல் சதுரம். அதைப் பார்த்தே அவர் கேட்டுக்கொண்டு போனார்.

ஐந்நூற்றறுபதில் மச்சினன் அரண்டுபோனான். கண்ணாடியைக் கழற்றியும் அத்தான் நிறுத்தவில்லை. இவ்வளவு நன்றாகக்கூட நடிக்க முடியுமா?

ஃபிரேம் கடைக்காரருக்கும் அதே சந்தேகம்தான். அறுநூறு என்று சொல்லிவிட்டு எழுந்து நின்றார். பல்செட் அறுநூற்றிருபது என்றார். இதற்கு மேல் ஒரு படி போனாலும் அவரால் முடியாது. நாற்பத்தொன்று ஏற்கெனவே கைநழுவிவிட்டது. காலைக்கும் மதியத்துக்கும் நடுவில் குடைதான் தொங்கப்போகிறது. இதுவும் போனால் இந்த வருடத்துக்கு எதுவுமே இல்லை.

"மேடம், ஒரு நிமிஷம்," என்றார் ஃபிரேம் கடைக்காரர், மிக மெல்லிய குரலில். "பல்செட் சார், பதினஞ்சு வருஷமா ஒரே கூடத்துல உக்காந்திருக்கோம். ஒருதரமாவது உண்மையைச் சொல்லுங்க. இது உங்களுக்கு வேணுமா?"

அம்மாள் சுத்தியலை மேசையில் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார். விதிப்படி அவர் இதை அனுமதித்திருக்கக் கூடாது. ஆனால் அவருக்கும் பதினைந்து வருடம் ஆகிறது.

பல்செட் வாயைத் திறந்தார். 'சேச்சே, சும்மா' என்று சொல்வதற்கு எல்லாப் பழக்கமும் இருந்தது. அது வரவில்லை.

"வேணும்," என்றார். அப்புறம், போதாததுபோல, "ரொம்ப வேணும்," என்றார். காது மடல் இரண்டும் சிவந்துவிட்டன.

ஃபிரேம் கடைக்காரர் அவரையே பார்த்தார். பிறகு முகம் மலர்ந்தது. தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டே உட்கார்ந்து, அட்டையைக் கால்சட்டைப் பையில் திணித்துக்கொண்டார். பக்கத்திலிருந்தவரிடம், நம்மகிட்டேயேவா என்று சொன்னது மூன்று வரிசைக்குக் கேட்டது. மொத்தக் கூடமும் அவரோடு சேர்ந்து சிரித்தது.

"அறுநூற்றிருபது ஒரு தரம்," என்றார் அம்மாள். "ரெண்டு தரம்." சுற்றிலும் ஒருமுறை பார்த்தார். "மூணு தரம்."

நாற்பத்தொன்று வந்தபோது பல்செட்டின் கண்ணாடி சட்டைப்பையில்தான் இருந்தது. மச்சினன் பயிற்சி பெற்ற ஆள், அட்டையைத் தொடவில்லை. ஏரியின் மாலையை ஃபிரேம் கடைக்காரர் எடுத்தார். எடுத்துவிட்டு மூன்றாவது வரிசையை வெற்றியோடு பார்த்தார். பல்செட் அப்போது அடுத்த அறையில் பணம் கட்டும் ஜன்னலின் முன்னால் வரிசையில் நின்றுகொண்டிருந்தார்.

வெளியே, பள்ளியின் பெயர் எழுதிய காரின் அருகில், மச்சினன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றான். தன்னால் முடிந்தவரை போராடியதாகவும், கடைசியில் அந்தக் குட்டையை அத்தான் தலையிலேயே கட்டிவிட்டார்கள் என்றும், அக்காவிடம் தானே வந்து பேசுவதாகவும் சொன்னான். யாராவது அறியாதவனிடம் தள்ளிவிடலாம் என்று ஆறுதலும் சொன்னான். பல்செட் பின் சீட்டில் படத்தைச் சாய்த்து வைத்துக் காகிதத்தைப் பிரித்தார். பிரித்ததும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார்.

எதற்காக இத்தனை பாடு என்று பார்க்க மச்சினனும் உள்ளே தலையை நீட்டினான். அவன் படம் பார்க்கிறவன் இல்லை. ஆனால் சாலை பார்ப்பான். அவன் கால் லேசாகத் தரையை அழுத்தியது.

"இந்த ரோட்ல வண்டி இறக்காதீங்க அத்தான்."

"ஏன்?"

"மாட்டிக்கும். இந்தக் குட்டை இருக்கே, பாத்தா தண்ணி மாதிரி இருக்கும். அடியில முழங்கால் அளவுக்குச் சேறு."

"எப்படிச் சொல்றே?"

"ஓரத்துல பாருங்க, பளிச்சுன்னு. அந்த இடத்துல இப்பத்தான் யாரோ சக்கரத்தை விட்டு எடுத்திருக்கான். சேறு விலகின இடத்துலதான் அப்படித் தண்ணி நிக்கும்."

பல்செட் குனிந்தார். மூன்று நாள் பார்த்தும் இது அவருக்குத் தோன்றவில்லை. காகிதத்தை ஏன் அங்கே விட்டான் என்று மட்டும்தான் பார்த்திருந்தார்.

"அப்போ எப்படிப் போறது?"

"வயல் பக்கமா ஒரு மேடு இருக்கு பாருங்க, இதோ, மெல்லிசா. ரெண்டு சக்கரத்தை அதுல ஏத்திடணும். ரெண்டாவது கியர். நடுவுல நிறுத்தவே கூடாது."

அந்த மேட்டையும் அவர் பார்த்திருக்கவில்லை. தலைமுடி கனத்துக்கு ஒரு கோடு, அவ்வளவுதான். இரண்டு பேரும் காருக்குள் பாதியும் வெளியே பாதியுமாக அந்தச் சாலையில் குனிந்து நின்றார்கள். ஃபிரேம் கடைக்காரர் நாற்பத்தொன்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அந்த வழியாக வந்தார். நின்றார். வெளியே நீட்டிக்கொண்டிருந்த இரண்டு முதுகுகளையும் பார்த்துத் தலையை ஆட்டினார்.

"ஏலம் முடிஞ்சு போச்சு சார். இன்னும் எதுக்கு நடிப்பு?"

பல்செட் காதில் அது விழவில்லை. மேட்டிலிருந்து பின்சக்கரம் வழுக்கினால் என்ன செய்வது என்று அவர் கேட்டுக்கொண்டிருந்தார்.